ராத்திரிப் பால் கொடுக்கும்போது குழந்தையைப் பக்கத்திலேயே போட்டுத் தூங்குறீங்களா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

சென்னை, 52 நாள் பெண் குழந்தையின் அம்மா

மூணு வாரமா இதை எழுதணும்னு நினைச்சு நினைச்சு விட்டுட்டேன். இன்னைக்கு எழுதிடறேன்.

எனக்கு சிசேரியன். தையல் வலியில நிமிர்ந்து உக்காரவே உயிர் போகும். ஆனா வீட்டுக்கு வந்த முதல் நாளே அம்மா சொல்லிட்டாங்க, "படுத்துக்கிட்டு மட்டும் பால் குடுக்காதே, காதுல போய் சீழ் பிடிக்கும்." மாமியாரும் அதையேதான் சொன்னாங்க. கூடவே, "அசதியில புரண்டு குழந்தை மேல விழுந்துட்டா?" அதைக் கேட்டதிலிருந்து கட்டில் பக்கம் குழந்தையைக் கொண்டு போகவே பயம். ராத்திரி பாப்பா அழுதா ஹால் சோபாவுக்கு வந்துடுவேன். முதுகுக்கு ஒரு தலையணை, மடியில ஒரு தலையணை, கையில குழந்தை. பன்னெண்டு மணிக்கு ஒருதரம், ரெண்டுக்கு ஒருதரம், மூணரைக்கு ஒருதரம்.

இருபதாவது நாளோ இருபத்தொண்ணாவது நாளோ, மூணரை மணிப் பால். எப்போ கண் சொக்கினேன்னு தெரியலை. திடுக்குனு முழிச்சப்போ மடியில குழந்தை இல்லை. என் இடுப்புக்கும் சோபா கைப்பிடிக்கும் நடுவுல இருக்கிற பள்ளத்துல சரிஞ்சு, முகம் மெத்தைப் பக்கமா திரும்பிக் கிடந்தா. வாரி எடுத்தேன். மூச்சு இருந்தது, அழுதா. அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன். வீட்டுல யாருக்கும் தெரியாது. அவர்கிட்டகூட அடுத்த வாரம்தான் சொன்னேன்.

தடுப்பூசிக்குப் போனப்போ குழந்தை டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிட்டேன். திட்டுவாங்கன்னு பயந்துதான் போனேன், திட்டலை. "எங்கே தூங்கினே?"ன்னுதான் முதல்ல கேட்டாங்க. சோபான்னதும் பேனாவைக் கீழே வெச்சுட்டாங்க. சோபாவுலயோ மெத்தை நாற்காலியிலயோ குழந்தையோட தூங்கிப் போறதுதான் எல்லாத்தையும்விட மோசமாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022-ல வெளியிட்ட வழிகாட்டியில, தூக்கத்துல குழந்தை இறந்துபோற ஆபத்து அப்போ 67 மடங்கு வரை கூடும்னு இருக்கு, எடுத்துக் காட்டினாங்க. அதே சங்கம், குழந்தை அம்மாவோட அறையில, ஆனா தனிப் படுக்கையில தூங்கணும், குறைஞ்சது ஆறு மாசம் வரைக்கும்னுதான் சொல்லுது. ஒரே படுக்கையில தூங்குறதை அவங்க ஒத்துக்கிறதில்லை. ஆனாலும் பால் கொடுக்கையில தூங்கிடுவோம்னு தோணினா சோபாவைவிடப் படுக்கை மேல்னும் அதே வழிகாட்டியில இருக்கு. "நீ தூங்கவே மாட்டேன்னு வைராக்கியமா உக்காராதே. தூங்கிடுவேன்னு வெச்சுக்கிட்டே இடத்தைத் தயார் பண்ணு. பால் குடிச்சு முடிச்சதும் முழிப்பு வந்தா அவளை அவ இடத்துல மல்லாக்கப் போடு"ன்னாங்க.

இப்போ தரையில கெட்டியான பஞ்சு மெத்தை. நானும் அவளும் மட்டும். பக்கத்துலயே அவளுக்குத் தனியா ஒரு சின்னப் படுக்கை. நிறைய நாள் அவ அதுல போய்ப் படுக்கிறா, சில நாள் என் பக்கத்துலயே விடிஞ்சுடுது. நீங்க எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீங்க? வீட்டுக்கு வர்றவங்க முன்னாடி சொல்ற பதில் வேண்டாம், ராத்திரி ரெண்டு மணிக்கு நிஜமா என்ன நடக்குதோ அதைச் சொல்லுங்க.

திருநெல்வேலிப் பக்கம், ரெண்டு பிள்ளைகளுக்கு அம்மா

படிக்கும்போதே நெஞ்சு பதறிட்டு. நல்லவேளை, பிள்ளை நல்லாருக்கா.

எங்க வீட்டுல கட்டிலே கிடையாது. ரெண்டு பிள்ளையும் பாயிலதான் வளந்துச்சு. எங்க ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா நான் பேறுகாலத்துக்கு வந்தப்போ படுக்கை போட்டது அவங்கதான். பாய், அது மேல மடிச்ச ஜமுக்காளம், அது மேல துவைச்ச பழைய வேட்டி. பிள்ளை பக்கம் தலையணை வரவே கூடாது. செவுரை ஒட்டிப் போடக் கூடாது, இடுக்குல போயிரும்னு சொல்லுவாங்க. மூத்தவனுக்கு அப்போ மூணு வயசு, அவனைத் தம்பி பக்கத்துல படுக்கவே விடலை, தாத்தாகூடப் படுக்கப் போட்டுட்டாங்க.

நான் ஒருக்களிச்சுப் படுத்து, கையைப் பிள்ளை தலைக்கு மேல மடக்கி வெச்சுக்கிடுவேன். முழங்காலை மடக்கினா அவன் காலுக்குக் கீழ வந்துரும். யாரும் சொல்லித் தரலை, உடம்பே அப்படித்தான் வளைஞ்சுச்சு. அப்படிக் கிடக்கும்போது அவனால மேலயும் ஏற முடியாது, கீழயும் இறங்க முடியாது. நானும் முன்பக்கம் சாய முடியாது, கையும் காலும் தடுத்துரும்.

காது விஷயம்: ரெண்டு பேருக்கும் படுத்துக்கிட்டேதான் கொடுத்தேன், காதுக்கு ஒண்ணும் ஆகலை. என் அனுபவம் அவ்வளவுதான், எல்லாருக்கும் அப்படியான்னு விவரம் தெரிஞ்சவங்கதான் சொல்லணும்.

ஈரோடு, 5 மாத ஆண் குழந்தையின் அம்மா

எங்கூட்டுக்காரர் சிகரெட் பிடிப்பாருங்க. வீட்டுக்குள்ள பிடிக்க மாட்டாரு, வாசலுக்குப் போயிட்டு வருவாரு. அதனால ஒண்ணுமில்லைன்னு நெனச்சுட்டு மூணு பேரும் ஒரே கட்டில்ல படுத்திருந்தோம். டாக்டரம்மா கேட்டதும் சொன்னேன். வெளியில பிடிச்சாலும் மூச்சுலயும் துணியிலயும் அது வரும், அம்மாவோ அப்பாவோ பிடிக்கிற வீட்டுல குழந்தையை ஒரே படுக்கையில போடவே கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. அவரு ஹாலுக்குப் போனா மட்டும் போதுமான்னு கேட்டேன். அவரு விடறதுதான் வழி, அதுவரைக்கும் குழந்தைக்குத் தனித் தொட்டில்தான்னாங்க.

அன்னைக்கு ராத்திரி நான் ரொம்ப அழுதேங்க. பக்கத்துல படுக்கப் போட்டா ரெண்டு நிமிசத்துல தூங்கற பையன், தொட்டில்ல போட்டா சிணுங்கிட்டே இருப்பான். கட்டிலை ஒட்டியே தொட்டிலைப் போட்டு, கையை மட்டும் அவன் நெஞ்சு மேல வெச்சுட்டுப் படுக்கப் பழகினேன். பத்து நாள் ஆச்சு. அவரு இன்னும் முழுசா விடலைங்க. ஒரு நாளைக்கு ரெண்டுக்கு வந்திருக்காரு.

கும்பகோணம், குறைமாதக் குழந்தையின் அம்மா

இங்கே சொல்ற எதையும் குறைமாதத்துல பிறந்த குழந்தைக்கு அப்படியே எடுத்துக்காதீங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் பையன் 34 வாரத்துல பிறந்தான். எடை 1 கிலோ 900. ஆஸ்பத்திரியில பகல் முழுக்க கங்காரு முறைதான், வெறும் நெஞ்சோட ஒட்டிக் கட்டிக்கிட்டு சாய்ஞ்ச நாற்காலியில கிடப்பேன். 1978-ல கொலம்பியா நாட்டு போகோட்டாவுல, இன்குபேட்டர் பத்தாததால ஆரம்பிச்ச முறையாம், நர்ஸ் சொன்னாங்க. நெஞ்சுல கட்டினதும் அவன் மூச்சு சீராகறது எனக்கே தெரியும். அதனால வீட்டுக்கு வந்தும் ராத்திரி அவனைப் பக்கத்துலயே போட்டுக்கலாம்னுதான் நினைச்சேன். கூடாதுன்னுட்டாங்க. எடை குறைஞ்ச குழந்தைக்கும், மாசம் முன்னாடி பிறந்த குழந்தைக்கும் ஒரே படுக்கையில ஆபத்து அதிகம். கங்காருன்னா நான் முழிச்சிருக்கணும், அல்லது யாராவது ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருக்கணும்.

பகல்ல நெஞ்சோட கிடந்த பிள்ளையை ராத்திரி ரெண்டடி தள்ளிப் படுக்க வெக்கறது கொடுமை. அந்த ரெண்டடிக்கே எனக்குப் பால் கசிஞ்சு ஜாக்கெட் நனைஞ்சுடும். அம்மா கூடவே முழிச்சிருந்து, பால் குடிச்சதும் அவனை வாங்கித் தொட்டில்ல போடுவாங்க. அம்மா இல்லைன்னா என்னால முடிஞ்சிருக்காது.

லண்டன், சொந்த இடம் யாழ்ப்பாணம்

எனக்கு இங்க நேர்மாறான பயம். ஊரிலை எல்லாரும் பிள்ளையோடைதான் படுக்கிறவை, அதைப் பெரிசா ஒருத்தரும் கதைக்கிறேல்லை. இங்க ஹெல்த் விசிற்றர், அதுதான் பிள்ளை பிறந்த வீடுகளுக்கு வந்து பாக்கிற நர்ஸ், வீட்டை வரப்போறா எண்டதும், "பிள்ளை எங்கட கட்டில்லை படுக்கிறா எண்டு சொல்லிப்போடாதை, பிரச்சினையாப் போயிடும்" எண்டு இவர் சொன்னவர். வாடகைத் தொட்டிலைக் கட்டிலுக்குப் பக்கத்தில கொண்டுவந்து வைச்சு, விரிப்பெல்லாம் புதுசா மாத்தி வைச்சனான். வந்தவா அதைப் பாக்கவேயில்லை. "நேற்று இரவு பிள்ளை எங்க படுத்தவ?" எண்டு மெதுவாக் கேட்டா. பொய் சொல்ல வாய் வரேல்லை.

அவா ஏசவே இல்லை. இங்க மருத்துவத்துக்கு வழிகாட்டல் எழுதுற நைஸ் (NICE) எண்ட அமைப்பு 2021-இல வெளியிட்டதில, ஒண்டாப் படுக்கிறதைப் பற்றித் தாய் தகப்பனோடை கதைச்சு, எப்பிடிப் படுத்தால் ஆபத்துக் குறைவு, எப்ப படுக்கவே கூடாது எண்டு விளங்கப்படுத்தவேணும் எண்டிருக்காம். டர்ஹம் பல்கலைக்கழகத்தில ஹெலன் போல் எண்ட பேராசிரியை கன வருசமா இதைத்தான் ஆராயிறா. தாயும் பிள்ளையும் நித்திரை கொள்ளுறதை வீடியோ எடுத்துப் பாத்திருக்கினம். திருநெல்வேலி அக்கா சொன்ன அதே படுக்கைதான், முலைப்பால் குடுக்கிற தாய்மார் பிள்ளையைச் சுத்தி வளைஞ்சு படுக்கினம். உங்கட ஆச்சியை நினைக்க எனக்குக் கண் கலங்கிப்போச்சு அக்கா.

எனக்கு அவா மாத்தச் சொன்னது ஒண்டுதான், டூவே. அந்தத் தடிச்ச போர்வையை எடுத்திட்டு, நான் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு இடுப்புவரை மட்டும் போர்க்கிறன்.

மதுரை மாவட்டம், ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்

நான் தாய் இல்லை, இங்க பேசலாமான்னு தெரியலை. 28 வருஷம் வீடு வீடாப் போனவ. அதனால ரெண்டு வார்த்தை.

காது பயம் எல்லா வீட்டுலயும் இருக்கு. பாட்டிலை வாயில வெச்சு மல்லாக்கப் படுக்க வெச்சுக் கொடுக்கறதுதான் காதுக்கு ஆகாது. தாய்ப்பாலைக் குழந்தை உறிஞ்சித்தான் குடிக்கும், பாட்டில் மாதிரி வாயில கொட்டிக்கிட்டே இருக்காது. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைகளுக்குக் காதுச் சீழ் குறைச்சல்தான். தாயும் பிள்ளையும் வயிறோட வயிறு ஒட்டி, ஒருக்களிச்சுக் கிடந்து கொடுக்கலாம். சிசேரியன் ஆனவங்களுக்கு நானே அப்படித்தான் படுக்க வெச்சுக் காட்டுவேன்.

பச்சைக் குழந்தை ஒரு நாளைக்கு எட்டுலேர்ந்து பன்னெண்டு தடவை குடிக்கும். பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின்கிற ஹார்மோன் ராத்திரியிலதான் கூடுதலா ஊறும். அதனால ராத்திரிப் பாலை நிறுத்திட்டுத் தூங்குன்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க, பால் குறைஞ்சுடலாம்.

வீட்டுக்குப் போனா நான் முதல்ல படுக்கையைத்தான் பார்ப்பேன். இலவம்பஞ்சு மெத்தை நடுவுல குழிஞ்சிருந்தா அதுல வேண்டாம்னுடுவேன். அம்மாவோட அவுத்துவிட்ட முடி, நீளத் தாலிச் சரடு, முந்தானை, குழந்தை கழுத்துல கருகமணி, வசம்பு கோத்த கயிறு, எல்லாத்தையும் பார்ப்பேன். கழுத்துக் கயிறை அவுக்கச் சொன்னா பாட்டிமார் சண்டைக்கு வருவாங்க. இடுப்புல கட்டுங்க தாயேன்னு கெஞ்சுவேன். இருமல் மருந்து, தூக்க மாத்திரை, கண்ணை அசத்துற எந்த மருந்து சாப்பிட்டாலும் அன்னைக்குப் பிள்ளை தனிப் படுக்கை. வீட்டுக்காரர் குடிச்சிட்டு வந்து படுக்கிற பாயில பிள்ளையைப் போடவே கூடாது. இதைச் சொல்லத் தயங்கின பொண்ணுங்க எத்தனையோ பேரு. மாமியாரை வெளிய அனுப்பிட்டுத்தான் கேப்பேன்.

இன்னொண்ணு. அரசு ஆஸ்பத்திரியில பிறந்த பிள்ளைகளுக்கு 2015-லேர்ந்து குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம் கொடுத்தாங்க, 16 பொருள். அதுல சின்ன மெத்தையும் கொசுவலையும் இருக்கும். முக்கால்வாசி வீட்டுல அது பரண்ல பிரிக்காமலேயே கிடக்கும். அந்தச் சின்ன மெத்தையை எடுத்து அம்மா பாய்க்குப் பக்கத்துல விரிச்சுப் போட்டாலே ஒரு தனி இடம் ஆச்சு.

தூளி பத்திக் கேப்பீங்க. பகல்ல பெரியவங்க பார்வையில ஆடட்டும். பச்சைக் குழந்தை அதுல வளைஞ்சு, தாடை நெஞ்சுல இடிக்கும். ராத்திரி முழுக்க அதுல விட்டுட்டு அசந்து தூங்காதீங்க.

கோயம்புத்தூர், 3 மாத இரட்டையரின் அம்மா

எனக்குப் பக்கத்துல போட்டா தூக்கமே வரலைங்க. ஒவ்வொரு முனகலுக்கும் எந்திரிச்சு மூக்குல விரல் வெச்சுப் பார்ப்பேன். ரெண்டு பேர் வேற. தனித்தனித் தொட்டில், அதே ரூம். அதுக்கப்புறம்தான் நானும் தூங்கினேன். பக்கத்துல படுத்தாத்தான் பாசம்னு ஒரு சித்தி சொல்லிட்டுப் போனாங்க, அது ரெண்டு நாள் மனசை அரிச்சுது.

சென்னை, பதிவைத் தொடங்கியவர்

கோயம்புத்தூர் அக்கா, தயவுசெஞ்சு அந்தச் சித்தி பேச்சை மனசுல வெச்சுக்காதீங்க. ரெண்டு பேருக்கும் பால் கொடுத்து ரெண்டு பேரையும் தனித்தனியாப் படுக்க வெக்கறீங்களே, அதுல இல்லாத பாசமா?

செவிலியர் அம்மா, நீங்க எழுதினதை அப்படியே எங்க அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். காது, பாட்டில் அந்த இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாங்க. கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "உனக்கு நான் படுத்துக்கிட்டேதான்டி குடுத்தேன்"னாங்க. எனக்குப் புரியலை. பகல்ல எல்லார் முன்னாடியும் உக்காந்து கொடுப்பாங்களாம். ராத்திரி கதவைச் சாத்திட்டு பாயில படுத்துக் கொடுப்பாங்களாம். பாட்டிக்குத் தெரிஞ்சா திட்டுவாங்கன்னு இத்தனை வருஷம் யார்கிட்டயும் சொன்னதில்லையாம். "உனக்கு எதாவது ஆயிட்டா என் மேல பழி வரும்னு உனக்கும் சொல்லலை"ன்னாங்க. முப்பது வருஷத்துக்கு முன்னாடி அம்மாவும் என்னை மாதிரியே இருட்டுல தனியாப் பயந்துக்கிட்டுக் கிடந்திருக்காங்க.

நேத்து ராத்திரி அம்மாவே வந்து படுக்கை போட்டாங்க. தலையணையை எனக்கு மட்டும் வெச்சு, பாப்பா பக்கம் இருந்ததை எடுத்துட்டாங்க. தாலிச் சரடை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, என் முடியை இறுக்கப் பின்னிக் கொண்டை போட்டாங்க. ஒரு மணிப் பாலுக்கு அவங்களே எழுந்து வந்து பக்கத்துல உக்காந்திருந்தாங்க. குடிச்சு முடிச்சதும் பாப்பாவை வாங்கி, தோள்ல போட்டுத் தட்டி ஏப்பம் விட வெச்சு, சின்ன மெத்தையில மல்லாக்கப் போட்டுட்டு விளக்கை அணைச்சாங்க.