மார்ட்டினிக் குடும்ப நாவல்: இந்தப் பொய் மூன்று தலைமுறை தாங்குமா?

கடலோரன்:
கரீபியக் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான மார்ட்டினிக் தீவை வைத்து மூன்று தலைமுறைக் கதை ஒன்று எழுதி வருகிறேன். 1902 மே 8 காலையில் பெலே எரிமலை வெடித்து சேன் பியேர் நகரமே அழிந்தது. ஏறத்தாழ 30,000 பேர் இறந்தார்கள். என் கதையில் வரும் பாட்டி, தன் புருஷன் அந்த நெருப்பில்தான் போனான் என்று மகளிடம் சாகும்வரை சொல்கிறாள். உண்மையில் மகளுக்கு அப்பா ஒரு பெக்கே, வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி. 1960களில் பேத்தி தேட ஆரம்பித்தால் இந்தப் பொய் நிற்குமா?

வில்லியனூர் வாசகி:
தாராளமாக நிற்கும். ஊரே எரிந்த பிறகு யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது? பதிவேடுகளில் மட்டும் கவனமாக இருங்கள். பிரெஞ்சுக் காலனிகளின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளுக்கு ஒரு பிரதி பிரான்சுக்கும் போக வேண்டும் என்பது 1776-இலேயே வந்த உத்தரவு. அதனால் சேன் பியேர் எரிந்ததோடு எல்லாம் தொலைந்தது என்று எழுதிவிடாதீர்கள். அப்பா ஒப்புக்கொள்ளாத பிள்ளை என்றால் பதிவில் தாயின் பெயர் மட்டும்தான் இருக்கும். பேத்தி கையில் அந்த ஒரு தாள் கிடைத்தால் போதும். தாத்தா பெயர் எங்கே, கல்யாணப் பதிவு எங்கே என்று அவளே கேட்பாள். பழைய பெட்டி, கட்டுக் கடிதம் எதுவும் வேண்டாம். 1963-இல் தொடங்கிய பூமிடோம் என்ற அரசு அமைப்பு தீவு இளைஞர்களை வேலைக்காகப் பிரான்சுக்கு அனுப்பியது. பேத்தியை அதில் ஏற்றிவிடுங்கள்.

சிவந்தமண்:
எனக்கு வேறொரு குறை. அவ்வளவு சின்னத் தீவில் பெக்கேக்குப் பிறந்த பிள்ளை என்பது ஊருக்குத் தெரியாமலா இருக்கும்? பிள்ளையின் நிறத்தைப் பார்த்தே பேசியிருப்பார்கள். மகள் ஒருத்திக்குத்தான் தெரியாது என்று வையுங்கள். அண்டை வீட்டுக்காரி ஒவ்வொரு முறையும் பேச்சை மாற்றுவதிலேயே பாதி நாவல் வந்துவிடும். அப்புறம், பாட்டி சும்மா 'எரிமலையில் செத்தார்' என்றால் நம்ப முடியாது. மே 5-இல் எரிமலையிலிருந்து வந்த சேற்று வெள்ளம் கெரேன் சர்க்கரை ஆலையைப் புதைத்தது. மே 8 ஆண்டவர் விண்ணேற்புத் திருநாள். பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் தஞ்சம் தேடி நகரத்துக்குள் வந்திருந்தார்கள். அவன் ஏன் அன்று அங்கே இருந்தான் என்று அவள் காரணம் சொல்லியாக வேண்டும்.

கடலோரன்:
ஆலை வேலைக்காரனாக அவனை மாற்றிவிடுகிறேன். அப்படியானால் மே 8 வரைகூடப் போக வேண்டாம், 5-ஆம் தேதியே போதும். அண்டை வீட்டுக்காரிக்கு ஒரு தனி அத்தியாயம் கொடுக்கிறேன். இருவருக்கும் நன்றி.