கலியாணப் பேச்சும் தேவனுடைய ராஜ்யமும்: டொனேசன் வாங்கலாமோ?

உடுவிலாள்:
“முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள்” (மத்தேயு 6:33) எங்கட வீட்டுச் சுவர்களில தொங்குது. அதே வீட்டு விறாந்தையில இருந்துதான் மாப்பிள்ளைப் பகுதி டொனேசன், அதாவது மாப்பிள்ளை வீட்டுக்குக் குடுக்கிற ரொக்கக் காசு, எவ்வளவு எண்டு கேக்குது. அந்த நீதிக்கு இது நேரெதிர் எண்டு நான் சொல்லுறன். உங்கட கருத்தென்ன?

கோப்பாய்க்காரன்:
அக்கா, ராஜ்யத்தைச் சமூகச் சீர்திருத்தமாக்கிப் போடாதேங்கோ. “என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல” எண்டு ஆண்டவர் பிலாத்துவுக்குச் சொன்னார். மனம் மாறாமல் டொனேசனை மட்டும் நிப்பாட்டினால் அது வேற பேரில வரும். மகளுக்குக் குடுக்கிற சீதனமோ எங்கட தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழற்ற வழமைச் சட்டம். 1707இல ஒல்லாந்தர் தொகுக்க முந்தியே இருந்தது. ஆம்பிளைப் பிள்ளையில்லாமல் செத்த செலொப்பியாத்தின்ர மகள்மாருக்குக் காணி குடுக்கச் சொல்லிக் கர்த்தரே எண்ணாகமம் 27இல சொல்லியிருக்கிறார்.

உடுவிலாள்:
தம்பி, ரெண்டையும் ஒரே சாக்கில போடாதேங்கோ. சீதனக் காணி நொத்தாரிசு எழுதின உறுதிப் பத்திரத்தோட பொம்பிளையின்ர பேருக்கு வருது. டொனேசன் காசு மாப்பிள்ளையின்ர தாய் தேப்பன்ர கைக்குப் போய், அங்கயிருந்து பெரும்பாலும் அவன்ர தங்கச்சியின்ர கலியாணத்துக்குப் போகுது. உறுதியும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. கலியாணம் முறிஞ்சால் வீடு அவளுக்கு மிஞ்சும், காசு திரும்பாது. அந்தக் காசுக்காகத் தேப்பன் தோட்டக்காணியை ஒற்றி வைப்பார். ஒற்றியில வட்டிக்குப் பதிலாக் காணியின்ர பலனைக் காசு குடுத்தவர் எடுப்பார். மீட்கிற வரைக்கும் வெங்காயமும் மிளகாயும் அவருக்குத்தான். பிள்ளையைக் கட்டிக் குடுத்த கையோட வீட்டு வருமானமும் போச்சு. செலொப்பியாத்தின்ர மகள்மார் காணியைப் பெற்றவை. அவையிட்ட ஆரும் காசு கேக்கேல்லை.

இளவாலையான்:
உறுதி அவளின்ர பேரில இருந்தாலும், தேசவழமைக்குக் கீழ அந்தக் காணியை விக்கப் புருசன்ர எழுத்துச் சம்மதம் வேணும். அதால சீதனத்தையும் குறையில்லாதது எண்டு நான் சொல்லமாட்டன்.

கோப்பாய்க்காரன்:
சரி, வரி வாங்கிப் பணக்காரனான சகேயுவைப் பாருங்கோ. லூக்கா 19:5இல இயேசு அவன்ர வீட்டில தங்கவேணும் எண்டார். காசு குடுக்கிறன் எண்டு சகேயு சொன்னது 8ஆம் வசனத்தில. கிருபை முந்தி, நடத்தை பிந்தி. நீங்கள் தலைகீழாச் சொல்லுறியள்.

உடுவிலாள்:
கிருபை முந்தினதை நான் மறுக்கேல்லை. ஆனால் “இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது” எண்டது 9ஆம் வசனம். ஆஸ்தியில பாதி ஏழையளுக்கு, அநியாயமா வாங்கினதுக்கு நாலு மடங்கு. கணக்குச் சொல்லித்தான் அந்த மனுசன் மனந்திரும்பினான். எங்கட ஆக்கள் கணக்கு வரேக்க மட்டும் ஆவிக்குரிய பேச்சுக்கு மாறீனம்.

இளவாலையான்:
கணக்கைக் கேக்கிற இடம், கோயிலில கலியாண அறிவித்தலான ஓலை வாசிக்கிறதுக்கு முந்தித்தான். பங்குச்சுவாமியோ போதகரோ ரெண்டு பகுதியையும் தனித்தனியச் சந்திக்கவேணும். ஒண்டா இருத்தினால் சம்பந்தம் குழம்பிப்போடும் எண்ட பயத்தில பொம்பிளைப் பகுதி வாய் திறக்காது. “டொனேசன் வாங்கிறியளோ” எண்டு கேட்டால் “இல்லை” எண்டதோட கதை முடியும். வீடு, காணி, நகை, காசு எண்டு ஒவ்வொண்டாக் கேளுங்கோ: ஆர்ர பேருக்கு, எப்ப, எதை விட்டு? கடைசிக் கேள்வியிலதான் ஒற்றியும் அடகும் வெளிய வரும். தாய் தேப்பன் காசு குடுக்கத்தான் விரும்பினால், பொம்பிளையின்ர பேரில வங்கியில நிலையான வைப்பாப் போடட்டும். அதுக்கு மாப்பிள்ளைப் பகுதி முகம் சுழிச்சால், காசு ஆருக்கு எண்டது அங்கயே தெரிஞ்சுபோம்.

கோப்பாய்க்காரன்:
நல்ல யோசனை, ஆனால் போதகரை விசாரணை அதிகாரியாக்கிறதில எனக்கு உடன்பாடில்லை. மாப்பிள்ளைக்கு ரெண்டு தங்கச்சி இருந்தால்? அவன் டொனேசன் வேண்டாம் எண்டால், அதுகளைக் கேட்டு வாற வீடு அப்பிடிச் சொல்லுமோ? சுமை அந்தப் பெட்டையளின்ர தலையிலதானே விழும்?

உடுவிலாள்:
அந்தக் கேள்வி ஞாயமானது. தனி ஒரு வீடு விட்டால் அந்த வீடுதான் நொந்துபோகும். அதால ஒரு சபையில ஆம்பிளைப் பிள்ளையளும் பொம்பிளைப் பிள்ளையளும் உள்ள குடும்பங்கள் நாலைஞ்சு சேரவேணும். கேக்கவும் மாட்டம், குடுக்கவும் மாட்டம் எண்டு, பிள்ளையளுக்குச் சம்பந்தம் பேசத் தொடங்க முந்தியே, சபைச் செயற்குழுவில எழுதி வைக்கவேணும். பேச்சுத் தொடங்கின பிறகு எண்டால் ஒருத்தரும் கையெழுத்துப் போடார். நீங்கள் கேட்ட மனமாற்றம் முதல்ல மாப்பிள்ளையளைப் பெத்த வீடுகளிலதான் நடக்கவேணும் தம்பி. அந்த வீடுகளிட்ட இதைப் பிரசங்கபீடத்தில நிண்டு சொல்ல உங்கட சபையில ஆயத்தமோ?

கோப்பாய்க்காரன்:
சொல்லலாம். ஆனால் சட்டமாச் சொல்லாமல் சுவிசேஷமாச் சொல்லவேணும். அந்த இடத்தில நான் உங்களோட இன்னும் ஒத்துப்போகேல்லை.