ஒரே மரபணுப் பழுது, தம்பிக்கு இதயம் வலப்பக்கம், அக்காவுக்கு இடப்பக்கம்: எப்படி?

பாண்டி_77:
உறவுக்காரப் பையன் ஒருவனுக்குப் பிறந்ததிலிருந்தே சளி, இருமல், காது அடைப்பு என்று ஓயாத தொல்லை. எக்ஸ்ரே எடுத்தபோதுதான் இதயம் வலப்பக்கம் இருப்பது தெரிந்தது. ஸ்கேனில் கல்லீரல் இடப்பக்கம், இரைப்பை வலப்பக்கம், மொத்தமும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. மரபணுச் சோதனையில் டிஎன்ஏஹெச்5 என்ற மரபணுவின் இரண்டு பிரதியும் பழுது என்று வந்தது. சரி, அதனால்தான் எல்லாம் இடம் மாறிவிட்டது என்று நினைத்தோம். அப்புறம் அவன் அக்காவுக்கும் சோதித்தால் அச்சு அசல் அதே பழுது, அதே இருமல், ஆனால் அவளுக்கு இதயம் எல்லாரையும் போல இடப்பக்கம்தான். மரபணுதான் காரணம் என்றால் இவளுக்கு ஏன் மாறவில்லை? புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள்.

கருவியல்_கிறுக்கன்:
அந்த மரபணுவுக்கு இதயம் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது, அங்கிருந்து ஆரம்பிப்போம். அது டைனீன் என்ற மோட்டார் புரதத்தின் ஒரு பகுதியைத் தயாரிக்கிறது. மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் சிலியா இழைகள் அசைவது இந்த மோட்டாரால்தான். அது ஓடாவிட்டால் சளி தேங்கும், இருமல் வரும், அது இரண்டு பிள்ளைகளுக்கும் பொது.

இதே மோட்டாருக்குக் கருவில் இன்னொரு வேலை. எலியை வைத்துத்தான் இதை விவரமாகப் பார்த்திருக்கிறார்கள். எட்டாம் நாள் வாக்கில் கருவின் அடிப்புறத்தில் ஒரு சின்னக் குழி, அதில் இருநூறு செல்களுக்கு மேல், பெரும்பாலானவற்றில் செல்லுக்கு ஒரே ஒரு இழை, நொடிக்குப் பத்துத் தடவை வீதம் கடிகாரச் சுற்றில் சுழல்கிறது. நேராக நின்று சுற்றினால் திரவம் அங்கேயே சுழன்றுகொண்டிருக்கும், எந்தப் பக்கமும் போகாது. ஆனால் இழைகள் வால்பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. அதனால் சுற்றின் ஒரு பாதியில் இழை செல்பரப்பை உரசியபடி வருகிறது, அங்கே திரவம் லேசில் நகராது. மறு பாதியில் உயர எழும்பி வீசுகிறது, அந்த வீச்சு இடப்பக்கம் நோக்கியது. ஆக மொத்தத்தில் திரவம் இடப்பக்கமாக ஓடுகிறது, எது இடம் என்று கரு தெரிந்துகொள்வது இதிலிருந்துதான்.

மோட்டார் பழுதானால் ஓட்டமே இல்லை. உறுப்புகள் ஏதோ ஒரு பக்கம் போய்த்தானே ஆகவேண்டும், அது நாணயம் சுண்டுகிற கதையாகிவிடுகிறது. அக்காவுக்குப் பூ விழுந்தது, தம்பிக்குத் தலை. உருவொத்த இரட்டையரில் கூட ஒருவருக்கு இடம், மற்றவருக்கு வலம் என்று அமைந்தது பதிவாகியிருக்கிறது. 1959-லேயே ‘ஐவி’ என்ற எலி வகையில் பாதிக் குட்டிகளுக்கு உறுப்புகள் மாறிப் பிறப்பதை விவரித்துவிட்டார்கள், அதில் பழுதானதும் ஒரு டைனீன் மரபணுதான் என்று 1997-இல் தெரிந்தது.

சந்தேகப்பிராணி:
கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மோட்டார் பழுதில் ஓட்டமும் நிற்கிறது, உறுப்பும் மாறுகிறது என்பதால் ஓட்டம்தான் காரணம் என்று ஆகிவிடுமா? அந்தப் புரதம் வேறு எதையாவதும் செய்துகொண்டிருக்கலாமே.

கருவியல்_கிறுக்கன்:
நியாயமான கேள்வி, அதைத்தான் ஜப்பானில் ஹமாடா குழுவினர் 2002-இல் சோதித்தார்கள். நல்ல எலிக்கருவை எடுத்து வெளியிலிருந்து திரவத்தை வேகமாக வலப்பக்கம் ஓட விட்டார்கள், இட வலம் தலைகீழானது. ஐவி கருவுக்குச் செயற்கையாக இடப்பக்க ஓட்டம் கொடுத்தபோது சரியான பக்கம் அமைந்தது. மரபணுவில் யாரும் கை வைக்கவில்லை, ஓட்டத்தை மட்டும்தான் மாற்றினார்கள். எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த சோதனை இதுதான்.

ஓட்டத்துக்குப் பிறகு நடப்பது சுருக்கமாக: குழியின் ஓரத்தில் அசையாத இழைகள் கொண்ட செல்கள் இருக்கின்றன, அவை ஓட்டத்தை உணர்கின்றன. இடப்பக்கம் டாண்ட்5 என்ற தடைப்புரதம் குறைகிறது, நோடல் என்ற சமிக்ஞைப் புரதத்துக்குத் தடை நீங்குகிறது. நோடல் தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும், மறுபக்கம் பரவாமல் நடுவில் லெஃப்டி என்ற இன்னொரு புரதம் தடுக்கிறது. அப்புறம் இடப்பக்கம் மட்டும் பிட்எக்ஸ்2 மரபணு விழிக்கிறது, இதயமும் நுரையீரலும் குடலும் அதன் பேச்சைக் கேட்டு வளைகின்றன.

எக்ஸ்ரே_அண்ணாச்சி:
ரேடியாலஜியில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று. முழுசாக மாறியிருந்தால் பெரும்பாலும் அதனால் தொந்தரவு இல்லை, பிலிமைத் திருப்பி மாட்டிவிட்டோமோ என்று எங்களுக்குத்தான் குழப்பம். சில உறுப்பு மாறி, சில மாறாமல் கலந்து கிடந்தால்தான் இதயக் கோளாறு வர வாய்ப்பு. அக்காவுக்கு ‘நார்மல்’ என்று விட்டுவிடாமல் இரண்டு பேருக்கும் எக்கோ, வயிற்று ஸ்கேன் பார்த்துவிடுங்கள். பையனுக்கு நாளைக்கு அப்பெண்டிக்ஸ் வந்தால் இடப்பக்கம் வலிக்கும், அதைப் பெற்றோர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பாண்டி_77:
நன்றி அண்ணாச்சி, சொல்லிவிடுகிறேன். வீட்டில் பாட்டி கேட்கிறார்: பையன் இடதுகைக்காரன் ஆவானா? எந்த மரபணு பழுதானாலும் இப்படிப் பாதிக்குப் பாதிதானா?

கருவியல்_கிறுக்கன்:
பாட்டிக்குப் பதில்: இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உறுப்பு மாறியவர்களிலும் மற்றவர்களைப் போலவே பெரும்பாலோர் வலதுகைக்காரர்கள்தான்.

இரண்டாவது கேள்விக்கு, இல்லை. ‘இன்வி’ என்ற எலி வகையில் கிட்டத்தட்ட எல்லாக் குட்டிகளுமே தலைகீழ். குளத்து நத்தை லிம்னேயாவில் இன்னும் வேடிக்கை. அங்கே ஓடு எந்தப் பக்கம் சுருளும் என்பதைத் தாயின் மரபணு முடிவு செய்கிறது. 2019-இல் ஜப்பானில் குரோடா குழுவினர் ஒரே ஒரு மரபணுவைக் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையில் கெடுத்தார்கள். இரண்டு பிரதியும் கெட்ட தாய் தானே வலஞ்சுழியாக இருந்தாலும் குஞ்சுகள் எல்லாம் இடஞ்சுழியாகவே வந்தன. அங்கே சுழலும் இழையும் இல்லை, குழியும் இல்லை, முட்டை முதல் தடவை பிளக்கும்போதே திசை தெரிந்துவிடுகிறது. கோழிக்கருவிலும் அந்த ஓட்டம் கிடையாது, செல்களே இடப்பக்கமாக நகர்கின்றன. ஆனால் அங்கேயும் நோடல் எழும்புவது இடப்பக்கம்தான்.