ஸ்பேஸ் சீரியல் பாக்கும்போது நம்மூரு ஞாபகம் வந்த அனுபவம் இருக்கா? சொல்லுங்க

பாலாத்தங்கரை:
ஸ்பேஸ் சீரியல்னாலே கப்பல் எவ்ளோ பெருசு, சண்டை எப்படின்னுதான் பேச்சு போவும். எனக்கும் அது புடிக்கும். ஆனா ஒரு உலகத்த நான் நம்பணும்னா அங்க குடிக்கிற தண்ணி எங்கேருந்து வருது, யாரு கொண்ணாந்து குடுக்குறாங்க, யாரு ரேட்டு வைக்கிறாங்கன்னு தெரிஞ்சாவணும். பாலாத்து மணல்ல ஊத்து தோண்டி, தண்ணி ஊறுற வரைக்கும் குந்தியிருந்து சொம்பால மொண்டு கொடம் ரொப்புன குடும்பம் எங்களுது, அதான் கண்ணு அங்கியே போவுது.

தி எக்ஸ்பேன்ஸ்னு ஒரு ஸ்பேஸ் சீரியல், ஆரம்பத்துலயே எழுத்து போடுவாங்க, பெல்ட்டுல காத்தும் தண்ணியும் தங்கத்த விட ஒசத்தின்னு. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல சுத்துற கல்லுங்கள்ல பொறந்து வளந்த ஜனங்கதான் பெல்ட்டர்ஸ். அதுல பெரிய கல்லான செரஸ்ல தண்ணி ரேஷன். சனி வளையத்து ஐஸ ஏத்தினு வர கேன்டர்பரின்ற பழைய கப்பல மொத எபிசோடுலயே அழிச்சிடுறாங்க, மொத்த சண்டையும் அங்கேருந்துதான் கெளம்புது. அதே எபிசோடுல ஒருத்தன் நடுத்தெருவுல நின்னு கத்துவான், இந்த செரஸ் மேல ஆயிரம் தலைமுறைக்கு ஐஸ் இருந்துச்சி, பூமிக்காரனும் செவ்வாய்க்காரனும் வாரினு போய்ட்டாங்கன்னு.

அத பாத்ததும் எனக்கு 2019 ஜூலைதான் ஞாபகம் வந்துச்சி. ஜோலார்பேட்டையிலேருந்து சென்னைக்கு தண்ணி ரயில் வுட்டாங்களே. 50 வேகன், 25 லட்சம் லிட்டர், எல்லாம் காவேரி தண்ணி, வில்லிவாக்கம் போய் எறங்குச்சி. ஏலகிரி எக்ஸ்பிரஸுக்கு நிக்கும்போது அந்த வேகனுங்கள பாத்திருக்கேன், பழுப்பு கலர்ல வரிசையா, மேல மூடியாண்ட தண்ணி சொட்டிகினு. பக்கத்துல காலி கேனோட நின்ன அம்மா ஒருத்தங்க, எங்க தெருவுக்கு எப்ப வருமோன்னு சொல்லிட்டு ட்ரெயின் ஏறிட்டாங்க, கோவமெல்லாம் படல. பெல்ட்டர்ஸ் முதல்ல அப்படித்தான் பேசுவாங்க, கோவம் பின்னாடி வரும். எழுதுனவங்களுக்கு அந்த வரிசை தெரிஞ்சிருக்கு பாருங்க, எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

அப்புறம் அந்த கை ஜாடை. பெல்ட்டர்ஸ் தோள குலுக்க மாட்டாங்க, தலையாட்ட மாட்டாங்க, எல்லாத்துக்கும் கைய தூக்கித்தான் காட்டுவாங்க. ஸ்பேஸ் சூட் போட்டா தலைய ஆட்டுனா வெளிய தெரியாது, அதனால பல தலைமுறையா கைதான் பேசுது. பாத்துகினே இருந்தா நமக்கே புரியும்.

ராணிப்பேட்டை பெல்:
அண்ணா, அதே மொத எபிசோடுல ஏர் ஃபில்டர் விஷயத்த வுட்டுட்டீங்களே! செரஸ்ல ஃபில்டர் மாத்தாம காச மிச்சம் புடிக்கிறான் ஒருத்தன், அங்க பசங்க இருமிகினு கெடக்குதுங்க. மில்லர்னு ஒரு போலீஸ்காரன் முதல்ல லஞ்சம் வாங்கிட்டு போயிடுவான், அப்புறம் மனசு கேக்காம திரும்பி வந்து அந்த ஃபில்டர்காரன ஏர்லாக்ல, அதான் வெளிய போற கதவு ரூம்ல, தள்ளி காத்த எறக்குவான், மூச்சு தெணறட்டும்னு. அத எங்க வீட்ல எல்லாரும் எழுந்து நின்னு பாத்தோம். எங்க பக்கம் மூடிப்போன ஃபேக்டரியோட குரோமியம் கழிவு மலையாட்டம் கெடந்ததும் கெணத்துல மஞ்ச தண்ணி வந்ததும் ஊருக்கே தெரியும். டேனரி, அதான் தோல் பதனிடுற ஃபேக்டரி, கழிவு கேஸ்ல, அதான் வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் கேஸு, கெடுத்தவன்தான் காசு குடுக்கணும்னு 1996ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிச்சி. ஆனா சொன்னதும் தண்ணி நல்லாயிடுமா? மில்லர் பண்ணது சட்டமில்லதான், ஆனா அவன் ஏன் பண்ணான்னு எங்களுக்கு யாரும் சொல்லித்தர தேவையில்ல.

கொளத்தூர்ல இருக்குற காட்பாடிக்காரன்:
ஒரு விஷயம் சொல்லணும், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ரயில் வந்தப்ப நான் இங்க சென்னையிலதான் இருந்தேன். புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு போச்சி, ராத்திரி ரெண்டு மணிக்கு லாரிக்கு எழுந்து ஓடுனோம். ஜோலார்பேட்டை தண்ணிய குடிச்சவன் வாரினு போறவன் இல்லீங்க, அவனும் கொடத்தோட நின்னவன்தான். சீரியலும் அத மறைக்கல. ரெண்டாவது சீசன்ல பாபின்ற செவ்வாய் சோல்ஜர் பூமியில கடல பாக்க நடந்து போவா, வழியில ஒருத்தர பாப்பா, டாக்டருக்கு படிக்க பேர குடுத்துட்டு பல வருஷமா லிஸ்ட்லயே காத்துனு இருப்பாரு. அதுவரைக்கும் பூமிக்காரன்னா எல்லாம் இருக்குறவன்னு நெனச்சினு இருப்பா. அந்த ஒரு சீனுக்காகவே இந்த டீமுக்கு கும்பிடு போடலாம்.

குடியாத்தம் ரயிலடி:
நான் வேற சீரியல் சொல்றேன். பேட்டில்ஸ்டார் கலாக்டிகா, 2004ல ஆரம்பிச்சது, ஊரழிஞ்சி கப்பலுங்கள்லயே வாழுற ஜனங்க கதை. அதுலயும் ரெண்டாவது எபிசோடு பேரே தண்ணிதான், டேங்க் வெடிச்சி பாதிக்கு மேல தண்ணி போயிடும், ஐஸ் தேடி அலைவாங்க. ஆனா என்ன அசைச்சிப் போட்டது மூணாவது சீசன்ல டர்ட்டி ஹேண்ட்ஸ்ன்ற எபிசோடு. எரிபொருள் சுத்தம் பண்ற கப்பல்ல சின்னப் பசங்க வேல செய்யும், ஏன்னா அவங்க அப்பா அம்மா அங்க வேல செய்றாங்க. ஒரு பையன் காலேஜுக்கு காசு சேக்க லீவுல வயல்ல வேல செஞ்சிருப்பான், அத வச்சே அவன ரிஃபைனரிக்கு அனுப்பிடுவாங்க. யாரு எந்த வேலைல பொறந்தாங்களோ அதுலயே நிக்கணும்.

எங்கம்மா பீடி சுத்துறவங்க. ராத்திரி இலைய நனைச்சி வச்சிட்டு, காலையில தகரத்த இலை மேல வச்சி கத்திரியால வெட்டி, மொறத்துல இருக்குற தூள ரெண்டு வெரல்ல எடுத்து வச்சி சுத்தி நூல் கட்டி தலைய மடிப்பாங்க, பேசிகினே, டிவி பாத்துகினே. என்னயும் சின்ன வயசுல தல மடிக்க உக்கார வச்சாங்க. அந்த எபிசோடுல டைரல்ன்ற தலைமை மெக்கானிக் மெஷின நிறுத்தி ஸ்ட்ரைக் பண்ணும்போது நான் அழுதுட்டேன். அம்மாவ கூப்ட்டு அந்த சீன மறுபடி போட்டு தமிழ்ல சொல்லிகினே காட்னேன். ஃபுல்லா பாத்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க, கூலி ஏத்துனாங்களான்னு. அதுக்கு அந்த எபிசோடுல சரியா பதில் இல்ல, யூனியன் வந்துச்சி, அவ்ளோதான் சொன்னேன்.

ஸ்டார் ட்ரெக் ரசிகருங்க கோச்சிக்காதீங்க, ரெப்ளிகேட்டர்ல, அதான் கேட்டத உடனே செஞ்சி குடுக்குற மெஷின்ல, டீ கேட்டா டீ வர எடத்துல எனக்கு மனசு ஒட்டல. ஸ்டார் ட்ரெக்குலயே டீப் ஸ்பேஸ் நைன் மட்டும் புடிக்கும், அதுல ரோம்னு ஒருத்தன் கூட வேல செய்ற ஓட்டல் வேலக்காரங்கள சேத்து யூனியன் வைப்பான்!

ஆலங்காயம்:
பெல்ட்டு பெல்ட்டுன்றீங்களே, அதுல ஒரு கல்லு நம்ம மலையிலேருந்து கண்டுபுடிச்சது தெரியுமா? 1988ல காவலூர் அப்சர்வேட்டரியில, அதான் வானத்த ஆராயிற எடத்துல. 4130 ராமானுஜன்னு பேரு, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுலதான் சுத்துது. ஜவ்வாது மலைக்கு பஸ் ஏறுறவங்க சனிக்கிழமையா பாத்து போங்க, மத்த நாள்ல உள்ள வுட மாட்டாங்க.

பாலாத்தங்கரை:
கொளத்தூர் தம்பி சொன்னது நியாயம், ஒத்துக்குறேன். குடியாத்தம் அக்கா, டர்ட்டி ஹேண்ட்ஸ நேரா பாக்கலாமா இல்ல மொதல்லேருந்து வரணுமா? ஆலங்காயத்துக்காரரே, மழக்காலம் முடிஞ்சதும் காவலூர் போலாம், யாரு வரீங்க?

குடியாத்தம் ரயிலடி:
மொதல்லேருந்தே வாங்கண்ணா, டைரல் யாருன்னு தெரியாம அந்த ஸ்ட்ரைக் புரியாது. காவலூருக்கு நானும் அம்மாவும் வரோம்.