மேப்பிள் மரத்துக்குக் கீழே ஒஸ்ரிச் ஃபேர்ன்: யூலையிலேயே ஓலை காயுது, ஏன்?

பின்வளவு:
இடம் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ. பெரிய நோர்வே மேப்பிளுக்குக் கீழே, தண்டிலிருந்து 2 மீற்றர் தள்ளி, போன மே மாதம் மூன்று ஒஸ்ரிச் ஃபேர்ன் நட்டது. காலையில் ஒரு மணித்தியாலம் வெயில், பிறகு முழு நிழல். இந்த வசந்தத்தில் குருத்து நல்லாய்த்தான் வந்தது. 60 செமீக்கு மேல் வளரவில்லை. யூலை நடுவில் ஓலை நுனி மண்ணிறமாகி, இப்ப அரைவாசி காய்ந்துபோச்சு. இரண்டு நாளுக்கு ஒருக்கால் ஒரு பூவாளி தண்ணி ஊத்துறது. சாயாமல் நிக்கவெண்டு குருத்துக்கு மேலே 5 செமீ மண் போட்டது. பசளை காணாதோ? இடம் மாத்த வேணுமோ?

ஆற்றுமண்:
பசளை வேண்டாம், இது தாகம். இந்தப் பன்னம் (ஃபேர்ன்) காட்டில் நிற்கிற இடம் ஆற்றங்கரை. பனி உருகி வெள்ளம் ஏறி இறங்குகிற வண்டல் மண் அது. நிழல் இருந்தால் போதும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு முதலில் வேண்டியது ஈரம். மண் ஓயாமல் ஈரமாக இருந்தால் கொஞ்ச வெயிலையும் தாங்கும். காய்ந்த மண்ணில் எவ்வளவு நிழல் கொடுத்தும் பயனில்லை.

நோர்வே மேப்பிளின் நார்வேர் மேல்மண்ணிலேயே பாய் மாதிரிப் பின்னிக் கிடக்கும். சிறுமழையை இலைக்கூட்டமே தடுத்துவிடும், மிச்சத்தை வேர் குடித்துவிடும். 10 செமீ கிண்டிப் பாருங்கள். தூசும் வேரும்தான் வரும்.

கணக்கு இதுதான்: வாரம் 25 மிமீ தண்ணீர் என்றால் ஒரு சதுர மீற்றருக்கு 25 லீற்றர். மூன்று செடிக்கும் 2 சதுர மீற்றர் பிடித்தால் வாரம் 50 லீற்றர். பூவாளியால் அடிக்கடி தெளிப்பது மேல் 2 செமீயைத்தான் நனைக்கும். கசிவுக்குழாய் போட்டு வாரம் இரண்டு தரம் ஆழமாக விடுங்கள்.

மேலே போட்ட மண்ணை இன்றைக்கே விலக்குங்கள். தென்னையில் குருத்தழுகல் வருகிற மாதிரித்தான் இதுவும்: வளருகிற முனை ஒன்றுதான், அது மண்ணுக்குள் மூடிக்கிடந்தால் அழுகும். முனை மண்மட்டத்தில் அல்லது ஒரு விரல் மேலே நிற்க வேண்டும்.

ஓலைக்கொத்து:
மேலே சொன்னது சரி, ஆனால் அந்த மரத்தடியில் தண்ணீர் விட்டுக் கட்டாது. நீங்கள் விடுகிற ஈரத்தைத் தேடி மேப்பிள் வேர் இன்னும் அங்கேதான் வரும். இடம் மாற்றுங்கள்.

நல்ல இடம் வீட்டின் வடக்குப் பக்கம், கூரைத் தண்ணீர்க் குழாய் வந்து விழுகிற பக்கமாக, அத்திவாரத்திலிருந்து 2 மீற்றராவது தள்ளி. செப்ரெம்பர் கடைசியிலிருந்து ஒக்ரோபர் நடுவரைக்கும், அல்லது ஏப்பிரலில் குருத்துச் சுருள் விரிய முன்னம் மாற்றலாம். இப்போது கிண்ட வேண்டாம்.

குழி 30 செமீ ஆழம், 45 செமீ அகலம். எடுத்த மண்ணில் மூன்றில் ஒரு பங்கு உக்கிய இலை கலக்க வேண்டும். ஒன்றுக்கொன்று 75 செமீ இடைவெளி. நட்டபிறகு 5 செமீ கனத்துக்கு உக்கிய இலை பரப்பி, குருத்தை மட்டும் திறந்து விடுங்கள். முதல் உறைபனிக்கு ஓலை எல்லாம் விழும், செத்துப்போச்சென்று பிடுங்கிவிடாதீர்கள். விழுந்த ஓலையை அப்படியே விட்டால் குளிருக்குப் போர்வை. ஏப்பிரலில் வெட்டலாம்.

ஒன்று கவனம்: ஈரம் பிடித்துவிட்டால் நிலத்துக்கடியில் தண்டு ஓடி நாலு பக்கமும் புதுச்செடி கிளம்பும். அயல்வளவுக்குப் போகாமல் வேலியோரம் 30 செமீ ஆழத்துக்குத் தடுப்புத் தகடு வையுங்கள்.

மேப்பிளடிக்கு ஆண் பன்னம் என்கிற வேறு இனம், அதாவது ட்ரையோப்டெரிஸ் ஃபிலிக்ஸ்-மாஸ், வைத்துப் பாருங்கள். அது கொத்தாக நிற்கும், ஓடாது. காய்ந்த நிழலை இதைவிட நன்றாகத் தாங்கும். ஆனாலும் முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் வேண்டும்.

பின்வளவு:
கிண்டிப் பார்த்தது, தூசுதான். மண்ணை விலக்கியாச்சு, ஒரு குருத்து மெத்தென்று இருக்கு. இதின்ர சுருள் குருத்தைக் கறிக்கு எடுக்கலாமெண்டு சொல்லுறாங்கள், அடுத்த வருசம் எடுக்கலாமோ?

ஆற்றுமண்:
மெத்தென்று இருப்பது அழுகினதுதான். மற்ற இரண்டையும் காப்பாற்றலாம்.

அடுத்த வருடம் எடுக்க வேண்டாம். ஒரு செடி வருடத்தில் விடுகிற ஓலை கொஞ்சம்தான், அதை முறித்தால் கிழங்கில் சேமிப்பு இல்லாமல் போகும். செடி இடுப்பளவு வளர்ந்த பிறகு ஒன்றுக்கு இரண்டு மூன்று குருத்துக்கு மேல் எடுக்காதீர்கள். தண்டில் மயிர் இருக்கக்கூடாது. உள்பக்கத்தில் ஆழமான வாய்க்கால் ஓட வேண்டும். மேலே மண்ணிறக் கடதாசி போன்ற செதில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து இல்லாவிட்டால் தொடவே வேண்டாம், அது வேறு பன்னமாக இருக்கலாம்; பிறாக்கன் என்கிற பன்னத்தில் புற்றுநோயை உண்டாக்கும் பதார்த்தம் இருக்கிறது. சரியான குருத்தையும் பச்சையாகச் சாப்பிட்டால் வாந்தி, வயிற்றோட்டம் வரும். கனடா சுகாதாரத் திணைக்களம் சொல்கிறபடி 15 நிமிடம் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பிறகுதான் தாளிக்க வேண்டும்.