வெளியாள்கிட்ட டிசைன் கேட்கிற ஃபேக்டரிகள்: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பாயான் லெப்பாஸ்காரன்:
எங்க பினாங்கு ஃபேக்டரி லைன்ல எலக்ட்ரானிக் சிப் டிரேயைத் தூக்குற கைப்பிடி ரொம்ப நாள் தொல்லை. மேனேஜ்மெண்ட் அதைப் போட்டியா வெளியே விட்டது. யாரு வேணும்னாலும் வரைஞ்சு அனுப்பலாம், ஜெயிச்சா பரிசுப் பணம் உண்டு. பாலிடெக்னிக் பிள்ளைங்க, வேலையை விட்டு ஓய்வா இருக்கிற மெஷினிஸ்ட், ஈப்போவுல சைக்கிள் கடை வச்சிருக்கிறவர்னு எல்லாரும் அனுப்பினாங்க. பாதிக்கு மேல அழகான டிசைன், ஆனா சாதாரண பிளாஸ்டிக். அதுல ஸ்டாட்டிக் மின்சாரம் ஏறினா சிப் போச்சு, வெளியே பார்த்தா தெரியவும் தெரியாது. அவங்களைச் சொல்லிக் குற்றமில்லை. ரகசியம் ரகசியம்னு அறிவிப்புல அந்த விஷயத்தையே போடலை.

கடைசியில சைக்கிள் கடைக்காரரோடது தேறுச்சு. பிரேக் லீவர் மாதிரி ஒரு பிடி, கையுறையோட அமுக்கலாம். மெட்டீரியலை மட்டும் எங்க ஆளுங்க மாத்தினாங்க. லைன்ல நிக்கிற மலாய்க்கார அக்கா பார்த்துட்டு, "கையுறை வழுக்குதுன்னு நான் எப்பவோ எழுதிப் போட்டேனே"ன்னாங்க.

பிறை மோல்டு மேக்கர்:
அறிவிப்புலதான் எல்லாமே இருக்கு அண்ணே. 2013-ல ஜெனரல் எலக்ட்ரிக், இன்ஜினியருங்க டிசைன் பகிர்ந்துக்கிற கிராப்கேட் இணையதளத்துல, ஜெட் எஞ்சினைத் தாங்குற பிராக்கெட் ஒண்ணை எடை குறைச்சு லேசாக்கச் சொல்லிப் போட்டி வச்சது. போல்ட் துளை எங்கே, எந்தப் பக்கம் எவ்வளவு பாரம், எந்த டைட்டானியம், எல்லாத்தையும் கொடுத்துட்டாங்க. கிட்டத்தட்ட 700 டிசைன் வந்துச்சு. ஜெயிச்சது இந்தோனேசியா சலத்திகாவுல இருக்கிற அரி குர்னியாவன். 2,033 கிராம் பிராக்கெட்டை 327 கிராமுக்குக் கொண்டுவந்தாரு. முதல் பரிசு 7,000 டாலர். அவ்வளவு பெரிய கம்பெனிக்கு அது டீச்செலவு, என்னைக் கேட்டா!

செந்தூல் வாசி:
2020 மார்ச்ல கொரோனாவால மலேசியாவுல நடமாட்டக் கட்டுப்பாடு வந்தப்ப வீட்டுல 3டி பிரிண்டர் வச்சிருந்த எங்க பசங்க கூட்டமெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஃபேஸ் ஷீல்டு ஃபிரேம் அடிச்சாங்க. செக் நாட்டு ஜோசஃப் புருஷா இலவசமா விட்ட டிசைன் அப்ப ஊரெல்லாம் ஓடுச்சு. ஆளாளுக்கு ஒண்ணைத் திருத்துவாங்க: நெத்தியில அழுத்துது, வளைவை மாத்து, அடிக்க நேரமாகுது, இன்னும் மெல்லிசா போடு. பிரிண்டர்ல ஒரு ஃபிரேமுக்கு மணிக்கணக்காகும். அதுவே மோல்டுன்னு அச்சு வெட்டி, உருக்கின பிளாஸ்டிக்கை இன்ஜெக்‌ஷன்ல ஊத்தினா ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனா மோல்டு வெட்டிட்டா அப்புறம் வளைவை மாத்துறது பெரிய செலவு. அதனால கூட்டம் கூடித் திருத்துறது எல்லாம் அதுக்கு முன்னாடியே முடியணும்.

பட்டர்வொர்த் தம்பி:
பாயான் லெப்பாஸ் அண்ணே, ரெண்டு சந்தேகம். சைக்கிள் கடைக்காரர் டிசைன் இப்ப யாருக்குச் சொந்தம்? அந்த அக்காவுக்கு ஏதாச்சும் கொடுத்தாங்களா?

பாயான் லெப்பாஸ்காரன்:
கம்பெனிக்குத்தான் தம்பி. அனுப்பும்போதே ஒரு கட்டத்துல டிக் போடச் சொல்லுவாங்க, தோத்தவன் டிசைனும் அதுல சேர்த்தி. நீங்க அனுப்புறதா இருந்தா அதைப் படிச்சுட்டு அனுப்புங்க. அக்காவுக்கு கேண்டீன் வவுச்சர்.