கார் நடுவழியில் நின்றுவிட்டால் நாய்களை எப்படி வீடு சேர்ப்பது? (சென்னை–மதுரை, மே மாதம்)

வைகைக்கரை கேட்டது:

மே இரண்டாவது வாரம், கத்திரி உச்சத்தில் இருக்கும்போது, சென்னையிலிருந்து மதுரைக்குக் காரில் போயாக வேண்டியிருக்கிறது. நானும் மனைவியும், கூட இரண்டு நாய்கள். ஒன்று குட்டை மூக்கு பக் இனம், 9 கிலோ, ஆறு வயது. இன்னொன்று சிப்பிப்பாறை வேட்டைநாய், 22 கிலோ, மூன்று வயது. வண்டி பத்து வருடப் பழைய டீசல் ஹேட்ச்பேக். சர்வீஸ் முடித்துத்தான் கிளம்புவோம். இருந்தாலும் விழுப்புரம் தாண்டி எங்காவது நின்றுவிட்டால் என்ன செய்வது என்று இப்போதே திட்டம் போட்டு வைக்க நினைக்கிறேன்.

இன்சூரன்ஸோடு வரும் ரோட்சைடு அசிஸ்டன்ஸில் காரை மட்டும்தான் எடுத்துப் போவார்கள். நாய்களைக் காருக்குள்ளேயே விட்டு ரெக்கவரி வண்டியில் ஏற்றலாமா? விழுப்புரத்தில் ரயில் பிடிக்க வழி உண்டா? முன்கூட்டியே தூக்க மாத்திரை கொடுத்துவிட்டால் எளிதாக இருக்குமா?

வண்டிச்சத்தம்:

சார், எந்தக் கோளாறுல வண்டி நின்னுதுங்கறதைப் பொறுத்துதான் உங்க கையில எவ்வளவு நேரம் இருக்குன்னு சொல்ல முடியும். கிளட்ச் போச்சு, கியர் விழல, ஆக்சில் போச்சு, ஸ்டெப்னியும் பஞ்சர் – இதுல எல்லாம் இன்ஜின் ஓடும், ஏசி போட்டு நாய்களை உள்ளேயே வச்சிருக்கலாம். நின்ன இடத்துல ஏசியோட ஓடுனா மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசல் ஆகும். அதனால டேங்க் பாதிக்குக் கீழ இறங்காம பாத்துக்கோங்க. டெம்பரேச்சர் முள்ளு மேல ஏற ஆரம்பிச்சா உடனே ஆஃப் பண்ணிடணும்.

கூலன்ட் ஹோஸ் வெடிச்சது, வாட்டர் பம்ப், பெல்ட் அறுந்தது, ரேடியேட்டர் ஃபேன் நின்னது, டீசல் ஏறாம இன்ஜின் அணைஞ்சது – இதுல ஏசி கிடையாது. அப்போ சில நிமிஷத்துக்குள்ள நாய்கள் வெளிய வந்தாகணும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோட திறக்கவே கூடாது. பக்கத்துல நாய் இருந்தா அதுக்கும் தெறிக்கும்.

சாவியை ஆஃப் பண்ணும் முன்னாடி நாலு கண்ணாடியையும் மூணு விரல் அகலம் இறக்கிடுங்க. பேட்டரி செத்துட்டா பவர் விண்டோ அப்புறம் இறங்காது. சாவி எப்பவும் உங்க பாக்கெட்லயே இருக்கட்டும். நாய் கதவுப் பக்கம் ஏறி நிக்கும்போது லாக் பட்டனை மிதிச்சு உள்ள மாட்டிக்கும்.

முடிஞ்ச வரைக்கும் இடது ஓரத்துக்கு வண்டியைத் தள்ளி, ஹசார்டு லைட் போட்டு, எச்சரிக்கை முக்கோணத்தை 100 மீட்டர் பின்னால வைங்க. நாலு வழிச் சாலையில லாரிக்காரருக்கு பிரேக் பிடிக்க அந்தத் தூரம் வேணும். நாய்களை இடதுபக்கக் கதவு வழியா மட்டும் இறக்கணும். இறக்கினதும் இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போயிடுங்க. காருக்கு நேர் முன்னாடி மட்டும் நிக்காதீங்க, பின்னாலிருந்து எதுவும் மோதினா கார் அங்கதான் பாயும். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குப் போன் பண்ணி, சாலையோரக் கிலோமீட்டர் கல்லுல இருக்கற எண்ணைச் சொல்லுங்க. ரோந்து வண்டி தேடி அலையாம நேரா வரும்.

ரெக்கவரி வண்டி மேல நாயோட காரை ஏத்தவே கூடாது. இன்ஜின் ஓடாது, ஏசி இருக்காது, ஏத்தும்போது கார் சரிவா நிக்கும், மயங்கி விழுந்தாலும் கேபின்ல இருக்கறவருக்குத் தெரியாது. நாய்களுக்கு வேற வண்டி வர்ற வரைக்கும் காரை ஏத்த அவசரப்படாதீங்க. அவங்க அவசரப்படுத்தினா தண்ணி, விரிப்பு, கூண்டு, கயிறு எல்லாத்தையும் முதல்ல இறக்கிக்குங்க. அது இல்லாம நடுரோட்டுல நிக்கறது ரொம்பக் கஷ்டம்.

நாலுகால்நேசி:

மேலே சொன்னதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கண்ணாடியை இறக்குவது கதவு பூட்டிக்கொண்டால் கை கொடுக்கும், அவ்வளவுதான். வெப்பத்தைத் தடுக்காது. வெயிலில் நிற்கும் காருக்குள் முதல் பத்து நிமிடத்திலேயே சுமார் 10 டிகிரி ஏறிவிடும், அரை மணியில் 19 டிகிரி வரை. வெளியே 40 என்றால் உள்ளே என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி கொஞ்சம் திறந்திருந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

உங்கள் இரண்டு நாய்களில் முதலில் ஆபத்துக்கு உள்ளாவது பக்தான். நாய் உடல் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் மூச்சிரைப்பால். பக்கின் குட்டை மூக்கில் அது சரியாக நடக்காது. இரைக்க இரைக்கத் தொண்டை வீங்கி, காற்று இன்னும் குறையும். அதனால் அதை நிழலில் வைத்து, குரைத்துக் களைப்படையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்துப் பட்டை வேண்டாம், மார்பு வார் (ஹார்னஸ்) மட்டும் போடுங்கள்.

மருந்துக்கடை டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை நாய்க்கென்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. 40-ஐத் தாண்டினால், அல்லது நாக்கு அகன்று தொங்கி, ஈறு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால், வண்டி வருவதற்காகக் காத்திருக்கக் கூடாது. அந்த இடத்திலேயே குளிர்விக்கத் தொடங்குங்கள். சாதாரணத் தண்ணீரை உடல் முழுவதும், குறிப்பாக வயிறு, தொடை இடுக்கு, அக்குள், பாதங்களில் தொடர்ந்து ஊற்றி விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி விடாதீர்கள், அது சூட்டை உள்ளே அடைக்கும். 39.5-க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் மறுபக்கம் இறங்கிக்கொண்டே போகும். அதன் பிறகுதான் மருத்துவமனைப் பயணம். தேறியது போலத் தெரிந்தாலும் காட்டியே ஆக வேண்டும், சிறுநீரகப் பாதிப்பு மெதுவாகத்தான் வெளிப்படும். விழுப்புரத்துக்கு அருகில் என்றால் புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி சுமார் 40 கிலோமீட்டர்.

தண்ணீர்: கிலோவுக்கு ஒரு நாளைக்கு 60 மில்லி என்றால் இரண்டுக்கும் சேர்த்து 2 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. வெயிலுக்கு அதை இரட்டிப்பாக்குங்கள். ஊற்றவும் வேண்டும் என்பதால் 20 லிட்டர் கேன் ஒன்றை ஏற்றிக்கொள்வதே சரி. வாயில் பலவந்தமாக ஊற்ற வேண்டாம், புரையேறும்.

தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லை என்றால் நாயும் அதில் நடக்கக் கூடாது. பக்கைத் தூக்கிக்கொள்ளுங்கள், மற்றதற்கு மண் ஓரம்.

தூக்க மாத்திரை: வேண்டாம். வீட்டில் சளிக்கு, அரிப்புக்கு வைத்திருக்கும் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது, அதுவும் வேண்டாம். சில மயக்க மருந்துகள் இரத்த அழுத்தத்தைக் குறைத்து, உடல் சூட்டைச் சீராக்கும் திறனையும் கெடுக்கும். அரைமயக்கத்தில் இருக்கும் பக் மூச்சுக்குத் திணறினால் உங்களால் கவனிக்கவே முடியாமல் போகலாம். பதற்றம் அதிகம் என்றால் மருத்துவரிடம் இப்போதே கேட்டு, அவர் தரும் மருந்தை ஊருக்குக் கிளம்பும் முன்பே ஒருமுறை வீட்டில் கொடுத்துப் பாருங்கள். வாந்திக்கு மட்டும் தனி மாத்திரை இருக்கிறது, அதையும் கேளுங்கள்.

கரிசல்காடு:

சிப்பிப்பாறைக்கு வெயிலை விடப் பெரிய ஆபத்து ஓட்டம்தான். அதன் தலை கழுத்தை விட அகலமில்லை. லாரி ஹாரனுக்கு மிரண்டு பின்னால் இழுத்தால் சாதாரணப் பட்டை காதைத் தாண்டிக் கழன்றுவிடும். இழுத்தால் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை போடுங்கள். மார்பு வாரிலும், விலா எலும்புக்குப் பின்னால் மூன்றாவது பட்டி உள்ளதாகப் பாருங்கள். மார்பு ஆழம், இடுப்பு ஒட்டி இருப்பதால் இரண்டு பட்டி வார் பின்பக்கமாகவே உருவிக்கொள்ளும். பட்டைக்கு ஒரு கயிறு, வாருக்கு ஒரு கயிறு, இரண்டும் ஒரே ஆள் கையில். சுருண்டு இழுபடும் ஆட்டோமேட்டிக் கயிறு வேண்டவே வேண்டாம். கைப்பிடி நழுவினால் அது தடதடவென்று பின்னாலேயே உருண்டு வரும், அந்தச் சத்தத்துக்கே நாய் நிற்காமல் ஓடும்.

கதவைத் திறக்கும் முன்பே, உள்ளே இருக்கும்போதே இரண்டு கயிறும் மாட்டியிருக்க வேண்டும். கதவு திறந்த முதல் சில விநாடியிலேயே நாய் பாய்ந்து ஓடிவிடலாம். இரும்புத் தடுப்பில் கட்டிப் போட்டுவிட்டு போன் பேசப் போகாதீர்கள். உளுந்தூர்பேட்டைப் பக்கம் சாலையோரமாக ஆட்டு மந்தை வரும், முயலும் உண்டு. புதருக்குள் போகவும் விடாதீர்கள், பாம்பு இருக்கும். தாபா வாசலில் இறக்கினால் அங்குள்ள தெருநாய்கள் சூழும், அதனால் பெட்ரோல் பங்க் நல்லது.

அப்படியும் கை நழுவிவிட்டால் துரத்தாதீர்கள். இந்த இனத்தை மனிதன் ஓடிப் பிடிக்க முடியாது. துரத்தினால் சாலையைக் கடக்கும். ஒருவர் வாகனங்களுக்குக் கைகாட்டட்டும். இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எதிர்த்திசையில் மெதுவாக நடந்து தரையில் உட்காரட்டும். பட்டையில் உள்ள எண், பயணத்தில் உங்கள் கையில் இருக்கும் மொபைல் எண்ணாக இருக்கட்டும்.

விழுப்புரம் சந்திப்பு:

ரயில் யோசனையை விட்டுவிடுங்கள் நண்பரே. நாயைப் பெட்டிக்குள் கூட வைத்துக்கொள்ள ஏசி முதல் வகுப்பில் முழு கூபேயோ (இருவர் அறை) கேபினோ (நால்வர் அறை) உங்கள் பெயரில் கிடைக்க வேண்டும். நடுவழியில் அது நடக்காது. இரண்டாம், மூன்றாம் ஏசி, ஸ்லீப்பர் எதிலும் அனுமதி இல்லை. வைகை, தேஜஸ் இரண்டும் உட்கார்ந்து போகும் வண்டிகள், அவற்றிலும் கூடாது. மிச்சம் இருப்பது பார்சல் ஆபீசில் பதிந்து, கார்டு வேனில் இருக்கும் நாய்ப் பெட்டியில் அனுப்புவது. மே மாதப் பகலில் பக்கை அதற்குள் அடைப்பது கொடுமை.

இரண்டு கட்டமாக யோசியுங்கள். முதல் கட்டம், அருகில் உள்ள நிழல். விக்கிரவாண்டி, செங்குறிச்சி, சமயபுரம் டோல்கேட்டுகளில் கழிப்பறை, தண்ணீர் உண்டு. அதுவரை ஓர் ஆட்டோ போதும். இரண்டாம் கட்டம் டிராப் டாக்ஸி (ஒருவழி வாடகைக் கார்). போனிலேயே “நாய் இரண்டு, 9 கிலோ, 22 கிலோ, சீட்டுக்கு விரிப்பு எங்களுடையது, சுத்தம் செய்யத் தனியாகப் பணம் தருகிறோம்” என்று சொல்லிவிடுங்கள். டிரைவர் வந்த பிறகு சொன்னால் திரும்பிப் போவார், உங்களுக்கு ஒரு மணி நேரம் நஷ்டம். தடுப்பூசிப் புத்தகத்தைப் படம் எடுத்து வைத்திருந்தால் தயங்கும் டிரைவரும் சம்மதிப்பார். 1962-ஐ அழைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது கால்நடைகளின் சிகிச்சைக்கான எண், வீடு சேர்க்கும் வண்டி அல்ல.

குட்டி யானை (டாடா ஏஸ் சரக்கு வண்டி) கிடைத்தால், கூண்டு இருந்தால் மட்டும். கூண்டைக் கேபினை ஒட்டி வைத்து இரண்டு பக்கமும் கயிறு கட்டி, மேலே தார்ப்பாய், பக்கவாட்டில் காற்று. திறந்த பின்பக்கத்தில் கழுத்துக் கயிற்றோடு கட்டினால் நாய் வெளியே குதித்துத் தொங்கிச் செத்துவிடும்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. கூண்டு என்ன அளவு வாங்குவது? ஹேட்ச்பேக்கில் இரண்டு கூண்டு வைக்க முடியுமா?

கரிசல்காடு:

பக்குக்கு 24 அங்குலம் போதும், பின்சீட்டில் நிற்கும். சிப்பிப்பாறை தோள் உயரத்துக்கு 42 அங்குலக் கூண்டு வேண்டும், அது உங்கள் காரில் ஏறாது. அந்த நாயை மார்பு வாரில் மாட்டும் சீட்பெல்ட் கயிற்றில் கட்டிக் கொண்டுபோங்கள். கயிறு, முன்சீட்டுக்கு எட்டாத நீளத்தில் இருக்கட்டும். அப்படியானால் குட்டி யானை உங்களுக்கு ஒத்துவராது. மாருதி ஈக்கோ வேன் பாருங்கள், ஏசி உள்ளதா என்று கேட்டுக்கொண்டு. அதில் அகலமான சறுக்குக் கதவு இருக்கும். கிளம்பும் முன்பே விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, திருச்சி மூன்று ஊரிலும் நாயை ஏற்றச் சம்மதிக்கும் டிரைவர் ஒருவரின் எண்ணை வாங்கி வையுங்கள். அதிகாலை 3 மணிக்குக் கிளம்பினால், உளுந்தூர்பேட்டை தாண்டும்போது வெயில் ஏறியிருக்காது.